மட்டை வீசும் பிள்ளைக்கு எதைச் சொல்வது?

தமிழ்த்துறை மலரில் பேஸ்பால் என்னும் அயல்நாட்டு விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், 'இவருக்கு ஏன் இந்த வேலை?' என்று மாணவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வது இயல்பே. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது சங்க இலக்கியம் பற்றி எழுதுவதாகத்தான் நானும் ஒப்புக்கொண்டேன். ஆயினும் எழுத அமர்ந்தபோதெல்லாம், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டையைத் தோள்மேல் ஏந்தியவாறு அசையாது நின்ற காட்சியே மனத்தில் எழுந்தது. அதனை எழுதித் தீர்த்தாலன்றி வேறொன்றும் எழுத வாராது என்று தோன்றியமையால் இக்கட்டுரை பிறந்தது.

அச்சிறுவன் என் தங்கையின் மகன். அவர்கள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வாழ்கின்றனர். 2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நான் அங்குச் சென்றிருந்தேன். சனிக்கிழமை காலைகளில் அவ்வூர்ச் சிறுவர்களுக்குப் பேஸ்பால் போட்டி நடைபெறும். கிரிக்கெட்டை மட்டுமே அறிந்த நம்மவர்க்கு இரண்டொரு செய்தி சொல்ல வேண்டும். இவ்வாட்டத்தில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை. எறிபவர் கையிலிருந்து நேரே வருகிறது. மட்டை தட்டையானதன்று, உருளை வடிவினது. உருண்டையான பந்தை உருண்டையான மட்டையால் அடித்தல் வேண்டும். அடிக்கத்தக்க பந்தை அடிக்காது விட்டாலும், வீசித் தவறினாலும் அது ஒரு 'ஸ்டிரைக்'. மூன்று ஸ்டிரைக் ஆனால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான்.

என் மருமகன் மட்டையுடன் சென்று நின்றான். உடனே நாற்புறமிருந்தும் குரல்கள் எழுந்தன. "மட்டையைக் கீழ்நோக்கி வீசு" என்றார் பயிற்சியாளர். "பின் முழங்கையை உயர்த்து" என்றார் வேலியோரம் நின்ற மற்றொரு சிறுவனின் தந்தை. "பின்காலால் பூச்சியை நசுக்கு" என்றது இன்னொரு குரல். பின்பாதத்தை ஊன்றித் திருகுவதற்கு அவர்கள் வழங்கும் குறிப்புச்சொல் அது. என் மச்சானோ, சொந்த ஊரில் கிரிக்கெட் ஆடிய நாள்களின் நினைவில், "பந்திலிருந்து கண்ணை எடுக்காதே, மட்டையை நேராகப் பிடி" என்று தமிழில் முழங்கினார். பையன் முழங்கையை உயர்த்தினான், பின் தாழ்த்தினான், காலைப் பார்த்தான், தந்தையைப் பார்த்தான். மூன்று பந்துகள் வந்தன. மூன்றுக்கும் அவன் மட்டையை அசைக்கவேயில்லை. ஆட்டமிழந்து திரும்பினான்.

முந்தின நாள் மாலைதான் வீட்டுப் பின்புறத்தில் நான் எறிந்த டென்னிஸ் பந்தை அண்டைவீட்டுக் கூரைமேல் அடித்து, அதை எடுத்துத் தருமாறு என்னைத் தூது அனுப்பியவன் அவன். ஆகவே அவனுக்கு அடிக்கத் தெரியாது என்று கூற இயலாது. காரில் திரும்பி வரும்போது சன்னலைப் பார்த்தபடி, "இனிமே நான் வரலை மாமா" என்றான். முன்னிருக்கையில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.

அன்று முதல் அவ்வூர்ப் பொது நூலகத்தில் இவ்வாட்டம் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன். விளையாட்டின் மீதுள்ள ஆர்வம் என்பதைவிட, கற்பித்தலின் மீதுள்ள ஆர்வம் எனலே பொருந்தும். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று சொற்களை வீசிக்கொண்டிருப்பவனுக்கு, வேலியோரக் குரல்கள் தன் குரலாகவே ஒலித்ததில் வியப்பில்லை.

முதலில் காலக்கணக்கை நோக்குவோம். தொழில்முறைப் பேஸ்பாலில் பந்தெறிவாளர் நிற்குமிடம் மட்டையாளரிடமிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ளது. மணிக்கு 90 மைல் விரைவில் எறியப்படும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்து சேர்ந்துவிடும். மட்டையை வீசி முடிக்கவே 0.15 நொடி அளவு தேவை. எஞ்சிய கால் நொடிக்குள் பந்தைக் கண்டு, அதன் வழியைக் கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். யேல் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் அடேர் 1990இல் வெளியிட்ட நூலில் இக்கணக்குகளையெல்லாம் விரித்துரைத்துள்ளார். சிறுவர் ஆட்டத்தில் தொலைவு 46 அடிதான். பந்தின் விரைவும் குறைவு. ஆயினும் கிடைக்கும் நேரம் அரை நொடியைச் சற்றே தாண்டும், அவ்வளவே. அந்த அரை நொடிக்குள் நான்கு பெரியவர்களின் நான்கு கட்டளைகளை ஒரு குழந்தை நிறைவேற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

அக்கட்டளைகளேனும் மெய்யானவையா? இதுதான் என்னை மிகவும் ஈர்த்த பகுதி.

'பந்திலிருந்து கண்ணை எடுக்காதே' என்பது கிரிக்கெட்டிலும் நாம் கேட்டு வளர்ந்த அறிவுரை. 1984இல் டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்னும் இருவர் இதனை ஆய்ந்து கட்டுரை வெளியிட்டனர். பந்து அருகே வர வர, அதன் கோண விரைவு மனிதக் கண்ணின் ஆற்றலை விஞ்சிவிடுகிறது. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரரின் கண்களுங்கூட ஏறத்தாழ ஐந்தாறு அடித் தொலைவிலேயே பந்தைத் தவறவிட்டன. ஆக, மட்டையில் படும் வரை பந்தைப் பார்த்துக்கொண்டே இரு என்பது ஒருவராலும் செய்ய இயலாத செயல். தொடக்கத்தில், எறிபவரின் கையை விட்டு நீங்கும் கணத்தில், பந்தை நன்கு பார் என்று சொல்லியிருந்தால் அது பயன்பட்டிருக்கும். மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நான் பார்த்திருக்கிறேன்" என்றார்.

'கீழ்நோக்கி வீசு' என்பது இன்னும் சுவையானது. பந்தெறிவாளர் பத்து அங்குல உயரமுள்ள மேட்டின் மீது நின்று, தோளுக்கு மேலிருந்து எறிகிறார். பந்து சற்றே சரிந்து கீழிறங்கி வருகிறது. இறங்கி வரும் பந்தை, இறங்கும் மட்டையால் அடித்தால் இரண்டு வழிகளும் ஒரே ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டிக்கொள்ளும். மட்டை சற்று மேல்நோக்கி வந்தால் பந்தின் வழியோடு நெடுந்தூரம் ஒட்டிச் செல்லும். கணத்தில் சிறிது பிழைத்தாலும் பந்து மட்டையில் படும். பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியான 'தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்' நூலில் இதைத்தான் வற்புறுத்தினார். 1941இல் 0.406 என்னும் அடிவிகிதத்தை எட்டியவர் அவர். அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் அதற்குப் பின் எவரும் ஒரு முழுப் பருவத்தில் நானூறைத் தொட்டதில்லை.

அங்ஙனமாயின், புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் 'நான் கீழ்நோக்கித்தான் வீசுகிறேன்' என்று சொல்லிவந்தது பொய்யா? பொய்யன்று. மட்டை தோளுயரத்தில் தொடங்குகிறது. பந்தோ இடுப்பளவில் வருகிறது. முதலில் மட்டை இறங்கியே ஆக வேண்டும். அந்த இறக்கத்தை ஆட்டக்காரன் உணர்கிறான். அதன்பின் மட்டை வளைந்து மேலேறுவது தானாக நிகழ்கிறது; அதை அவன் உணர்வதில்லை. படச்சுருளோ மேலேறுவதையும் காட்டிவிடுகிறது. உடல் செய்வது ஒன்று. உடலுக்குரியவன் செய்வதாக உணர்வது மற்றொன்று. உணர்ந்ததை அவன் சொல்கிறான். கேட்டவன் அதனைச் செயலென்று கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கிறான். மட்டையை அளவுக்கு மீறி மேலே தூக்கி வீசும் ஒருவனுக்கு 'கீழ்நோக்கி வீசு' என்பது நல்ல மருந்து. எல்லோர்க்கும் அதையே புகட்டினால் நோயில்லாதவனும் நோயாளியாவான்.

பின் முழங்கையும் பூச்சியும் இத்தகையனவே. உயர்த்திய முழங்கை எப்படியும் விலாவை ஒட்டி இறங்கியாக வேண்டும். சிறுவனுக்கு அது வழியை நீளமாக்குகிறது. பூச்சியை நசுக்கச் சொல்வதோ பின்காலிலேயே எடையை நிறுத்திவிடுகிறது. சிறந்த ஆட்டக்காரர் பலரின் படங்களைப் பாருங்கள். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் எடை முன்காலுக்குச் சென்றிருக்கும். பின்பாதத்தின் விரல்நுனி மட்டும் தரையை வருடும். சிலர்க்கு அதுவும் மேலெழும்பியிருக்கும். காலில் தொடங்கி, இடுப்பு, உடற்பகுதி, தோள், கை என்று ஒன்றன்பின் ஒன்றாக விசை கைமாறி வருவதே மட்டைவீச்சு. இவற்றுள் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அழைத்தால் மற்றவை நின்றுவிடுகின்றன.

பேராசான்களிடையே ஒற்றுமை உண்டா என்றால் அதுவுமில்லை. இடுப்பைச் சுழற்றுவதே உயிர்நாடி என்றார் வில்லியம்ஸ். கான்சாஸ் சிட்டி அணியின் பயிற்சியாளர் சார்லி லாவ் பின்னிருந்து முன்னுக்கு எடையை மாற்றுவதே முதன்மை என்றார். அவர் மாணவர் ஜார்ஜ் பிரெட் 1980இல் 0.390 எட்டினார். லாவ் தாமே ஆடிய காலத்தில் அவருடைய வாழ்நாள் விகிதம் 0.255 மட்டுமே! நன்கு செய்பவரும் நன்கு செய்விப்பவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. (கவிதை எழுத வாராத நான் யாப்பு நடத்துவதற்கு இஃது ஆறுதல்.)

ஜப்பானின் வரலாறு இதனினும் தெளிவானது. சதஹாரு ஓ 1959இல் யோமியூரி ஜயண்ட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் 26 முயற்சிகளில் ஓர் அடிகூடப் பலிக்கவில்லை. ஹிரோஷி அராகாவா என்னும் பயிற்சியாளர் அவரிடமிருந்த குறை என்னவென்று கண்டறிந்தார்: காலந்தவறிய அடி. அதற்கென்று, பந்து வரும்போது ஒற்றைக்காலில் நிற்குமாறு 1962இல் மாற்றினார். கூரையிலிருந்து தொங்கும் காகிதத் துண்டை வாளால் வெட்டும் பயிற்சியையும் அளித்தார். 1980இல் ஓய்வு பெறும்போது ஓ அடித்திருந்த ஹோம் ரன்கள் 868. அந்த ஒற்றைக்கால் நிலை ஓவின் குறைக்காக அராகாவா கண்ட வழி. அதைப் பார்த்துவிட்டு ஊரிலுள்ள சிறுவரையெல்லாம் ஒற்றைக்காலில் நிறுத்துவது வேறு செயல்.

மறுதலையாக, இச்சிரோ சுசூகியை எண்ணிப் பாருங்கள். முன்காலை ஊசல்போல் ஆட்டி அடித்த அவருடைய பாணி தொடக்கக் கால மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் பெரும்பாலும் இரண்டாம் அணியிலேயே வைக்கப்பட்டார். 1994இல் பொறுப்பேற்ற அகிரா ஓகி அவரை அவர் போக்கிலேயே ஆடவிட்டார். அவ்வாண்டு 130 ஆட்டங்களில் 210 அடிகள். 2004இல் அமெரிக்காவில் ஒரே பருவத்தில் 262 அடிகள். 2025இல் அமெரிக்கப் புகழ்மண்டபத்தில் இடம். ஓகி என்ன கற்பித்தார் என்று கேட்டால், கற்பிக்காமலிருக்கக் கற்றிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இக்காலத்துக்கு வருவோம். 2015 முதல் அமெரிக்கப் பெருமன்றத்தின் ஆடுகளங்களிலெல்லாம் பந்து மட்டையை விட்டெழும் கோணத்தையும் விரைவையும் அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டுள்ளன. 'லாஞ்ச் ஆங்கிள்' என்னும் சொல் எல்லார் நாவிலும் புரள்கிறது. ஜே.டி. மார்ட்டினெஸ் என்பவர் தம் மட்டைவீச்சைத் தாமே கலைத்துப் புதிதாக அமைத்துக்கொண்டார். 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அணி அவரை விடுவித்தது. அதே ஆண்டு டெட்ராய்ட் அணிக்காக ஆடி 23 ஹோம் ரன்கள் அடித்தார். நல்ல கதைதான். ஆனால் அவர் வளர்ந்த மனிதர். பல்லாயிரம் பந்துகளை அடித்துத் தேறியவர். எதை மாற்ற வேண்டும் என்று தாமே முடிவு செய்தவர். என் மருமகனின் அணியில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் மட்டையின் அடிமுனையில் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு, ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் தந்தையின் கைபேசியை எட்டிப் பார்த்தான். பந்து எங்கே போனது என்று அவன் பார்க்கவில்லை.

இங்கு ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். ராபர்ட் கிரே என்னும் உளவியலறிஞர் 2004இல் வெளியிட்டது. பேஸ்பால் ஆட்டத்தைப் போலவே அமைந்த பொறியொன்றில் தேர்ந்தவரையும் புதியவரையும் அவர் அடிக்கச் செய்தார். நடுவே ஓர் ஒலி எழும். அப்பொழுது மட்டை மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்று சொல்லுமாறு கேட்டபோது தேர்ந்தவர்கள் தடுமாறினர், புதியவர்கள் தடுமாறவில்லை. ஒலியின் சுருதி உயர்ந்ததா தாழ்ந்ததா என்னும், மட்டைவீச்சுக்குத் தொடர்பற்றதைக் கேட்டபோதோ புதியவர்கள் தடுமாறினர், தேர்ந்தவர்கள் தடுமாறவில்லை. அதாவது, தொடக்கநிலையில் இருப்பவனுக்குத் தன் செயலின்மீது கவனம் தேவைப்படுகிறது. கைவந்தபின் அக்கவனமே அவனைக் கவிழ்க்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு வல்லினம் மிகும் இடங்கள் நினைவுக்கு வந்தன. முதலாண்டு மாணவர்க்கு அவ்விதிகளை வரிசையாக நடத்துகிறோம். அவர்களும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். பின் கட்டுரை எழுதச் சொன்னால் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் பேனா நின்றுவிடுகிறது. சிலர் கண்ட இடமெல்லாம் ஒற்றிடுகிறார்கள். சிலர் அச்சத்தால் எங்குமே இடுவதில்லை. என் மருமகன் மூன்று பந்துகளையும் விட்டது போலத்தான். நான் படித்த காலத்துத் தமிழாசிரியர் ஒருவர், பிழை மலிந்த என் கட்டுரையில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் அடிக்கோடிட்டுத் தருவார். மற்றவை அவர் கண்ணில் படவில்லை என்றே அக்காலத்தில் எண்ணியிருந்தேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும்போதுதான், ஒவ்வோராண்டும் ஒவ்வொன்றாக அவர் நீக்கிவந்த பிழைகளின் கணக்கு எனக்குப் புரிந்தது. நானோ இன்று விடைத்தாளைச் சிவப்பு மையால் நிரப்பித் தருகிறேன். அதில் ஒரு கடமையுணர்வு வேறு!

அப்படியானால் எதையும் கற்பிக்காது பிள்ளையைத் தன்போக்கில் விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். அதனை நான் ஏற்கவில்லை. கைக்கு மீறிய கனமுள்ள மட்டையைக் கொடுத்துத் தன்போக்கில் விட்டால், பிள்ளை உடலை வளைத்து நெளித்து எப்படியோ அதை இழுக்கக் கற்றுக்கொள்வான். அந்த நெளிவே பழக்கமாகிவிடும். இரு கால்களின் அகலம், கைப்பிடியின் இறுக்கமின்மை, எடை சற்றே பின்சென்று முன்வருதல் ஆகியவற்றைத் தொடக்கத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிரேயின் ஆய்வும் அதற்கே துணைநிற்கிறது. என் வழக்கு எல்லாம் அளவையும் வேளையையும் பற்றியது. பயிற்சியில் ஒரு நாளைக்கு ஒரு சொல். அச்சொல்லும் கூடியவரை உடலுறுப்பைப் பற்றியதாயிராமல் பந்து போக வேண்டிய இடத்தைப் பற்றியதாயிருப்பது நன்று. 'இடுப்பைத் திருப்பு' என்பதைவிட 'அந்த மரத்தை நோக்கி அடி' என்று சொன்னால் இடுப்பு தானே திரும்பும். எறியப்படும் பந்துக்கு முன், இடுப்புயரக் கம்பத்தின்மேல் அசையாது வைக்கப்பட்ட பந்து. போட்டியின்போது பெரியவர்கள் வாய் திறவாதிருத்தல். இந்தக் கடைசி ஒன்றுதான் மிகக் கடினம். அது பிள்ளைக்கன்று, நமக்கு.

சாஃப்ட்பால் ஆடும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் இடம்பெறும் ஆட்டம் அது. அங்குப் பந்து கைதாழ்த்தி, இடுப்பளவிலிருந்து எறியப்படுகிறது. கல்லூரி நிலையில் தொலைவு 43 அடி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். இடுப்பிலிருந்து கிளம்பி மார்பளவில் வந்து சேரும் பந்தை, மேட்டிலிருந்து இறங்கிவரும் பேஸ்பாலுக்கென அமைந்த மட்டைவழியால் அடிக்கச் சொல்வது பொருந்துமா? ஆயினும் ஆடவர் ஆட்டத்தின் பாடத்தையே அப்படியே பெயர்த்தெடுத்துப் பெண்களுக்கு நடத்தும் பயிற்சியாளர் உளர். கண்முன் நிற்பவர் யார், வருவது எந்தப் பந்து என்று பாராமல் குறிப்பேட்டைப் பார்த்து நடத்தும் பாடம் அது.

நான் ஊர் திரும்புமுன் மச்சானுடன் ஒரு மாலை நெடுநேரம் பேசினேன். மறுநாள் அவர் கம்பம் ஒன்றை வாங்கி வந்தார். பழைய பந்துகள் ஒரு வாளி. இலேசான அலுமினிய மட்டை ஒன்றும் மாற்றப்பட்டது. பையனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: வேலிக்கு அப்பால் தெரிகிற மேப்பிள் மரத்தை அடிக்க வேண்டும். முதல் நாள் பந்துகள் புல்லில் உருண்டன. மூன்றாம் நாள் இரண்டு பந்துகள் வேலியைத் தாண்டின. அவன் கால் எங்கிருந்தது, முழங்கை எங்கிருந்தது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எனக்கு விளங்கியிராது.

அடுத்த சனிக்கிழமை மச்சான் பேசாதிருப்பதற்காகவே வாயில் சூயிங்கம் போட்டுக்கொண்டார். பயிற்சியாளரிடமும் பணிவாகச் சொல்லிவைத்திருந்தார். அவரும் நல்ல மனிதர், தலையசைத்தார். பையன் முதல் பந்தை விட்டான். இரண்டாம் பந்துக்கு மட்டையை வீசினான். பந்து தரையோடு உருண்டு இரண்டாம் நிலையில் நின்ற சிறுவனின் கையில் போய்ச் சேர்ந்தது. அவன் எறிய, இவன் ஓடிச் சேருமுன் ஆட்டமிழந்தான். தலைக்கவசம் கண்ணை மறைக்க, மூச்சிரைத்தபடி வேலியருகே வந்து, "பாத்தீங்களா மாமா?" என்றான். பார்த்தேன் என்றேன். அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா என்று கேட்டான். வியாழன் இரவு எனக்கு விமானம். அதைச் சொல்ல மனம் வராமல், தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டினேன்.